கர்ப்பப்பைக்குப் பூக் கேட்ட கதை

அந்த வருஷம் எங்கள் ஊரில் என் கர்ப்பப்பையைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளே இல்லை. பால் ஊற்றுகிற இடத்தில் பேசினார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் பேசினார்கள். மாமரத்துக்கு மருந்தடிக்க வந்தவர்கூட, தன் மச்சினிச்சிக்கு எடுத்த கதையை என் கணவரிடம் முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் விசைத்தெளிப்பானை முதுகில் மாட்டினார். கருத்துச் சொல்லாமல் இருந்தவள் நான் ஒருத்திதான். என்னை யாரும் கேட்கவில்லை என்பது ஒரு காரணம். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது என்பது இன்னொரு காரணம். அதை அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. வத்தல்மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் ஆறாவது முதல் எட்டாவது வரை கணக்கு நடத்துகிறேன். கணவருக்கு மாந்தோப்பும் கொஞ்சம் தக்காளியும். மாமியார் எங்களோடு இருக்கிறார். ஒரே மகள் விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

மாதத்தில் ஐந்து நாள் என்று இருந்தது எட்டு நாளாகி, பன்னிரண்டாகி, கடைசியில் பாதி மாதத்தைப் பிடித்துக்கொண்டது. பட்ட பாட்டை விரித்துச் சொல்லப் போவதில்லை. அடர் நீலம், கறுப்பு, மெரூன் தவிர வேறு நிறத்தில் சேலை கட்டுவதை விட்டேன். வகுப்பில் நாற்காலியில் உட்காருவதையும் விட்டேன். டீச்சர் நாள் முழுக்க நின்றுகொண்டே பாடம் நடத்துகிறார் என்று தலைமையாசிரியை மற்றவர்களுக்கு என்னை உதாரணம் காட்டினார்.

வீட்டில் இது பிரச்சினையானது வேறு வழியில். அந்த நாட்களில் நான் சாமி அறைக்குள் போகக் கூடாது. அது எங்கள் வீட்டு வழக்கம். மாதத்தில் பதினைந்து நாள் நான் வெளியே நின்றால், பதினைந்து நாளும் மாமியார்தான் முழங்கால் வலியோடு உட்கார்ந்து எழுந்து விளக்கேற்ற வேண்டும். நான் படியேற மூச்சு வாங்கியபோது யாரும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை. விளக்கேற்ற ஆளில்லாமல் போனபோதுதான் எடுத்தார்கள். இதில் எனக்கு மனவருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

தருமபுரியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கர்ப்பப்பையில் ஒரு பெரிய நார்க்கட்டியும் கூடவே இரண்டு சின்னக் கட்டிகளும் இருப்பதாகச் சொன்னார். புற்றுநோய் இல்லை, நிறையப் பெண்களுக்கு வருவதுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு ஒரு தாளில் கத்தரிக்காய் போல ஒன்றை வரைந்து, அதற்குள் வட்டங்கள் போட்டு, பொறுமையாக ஐந்து வழி சொன்னார். ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம். கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் சுரக்கிற லூப் வைக்கலாம், ஆனால் கட்டி உள்ளே நெருக்கினால் அது சரியாக நிற்காமல் போகலாம். கட்டிகளை மட்டும் அறுத்து எடுக்கலாம், ஆனால் மறுபடி வர வாய்ப்பு உண்டு. மெல்லிய குழாயை ரத்தக் குழாய் வழியாக விட்டுக் கட்டிக்குப் போகிற ரத்தத்தை அடைக்கலாம், அதற்குப் பெரிய ஊருக்குப் போக வேண்டும். கடைசியாக, கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம். இரும்புச் சத்துக்கும் ரத்தப்போக்குக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்து, அவசரமில்லை, யோசித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

நான் தாளை மடித்துக் கைப்பையில் வைத்தேன். அந்த அறையில் இருபது நிமிஷம் என்னோடு உட்கார்ந்திருந்த என் கணவர், பைக்கை எடுக்கும்போது சொன்னார்: “எடுத்துடலாம்ங்கறாங்க.”

அவர் கெட்டவர் இல்லை. காது அப்படிப் பழகியிருந்தது. எங்கள் பக்கம் பிள்ளை பெற்று முடித்தவளின் கர்ப்பப்பை என்பது, வேலை முடிந்த பிறகும் களத்து நடுவில் கிடக்கிற சாமான். யார் காலிலாவது இடறுவதற்குள் எடுத்து ஓரம் போட்டுவிட வேண்டும். என் நாத்தனாருக்கு முப்பத்தைந்தில் எடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்கு முப்பத்தொன்றில். எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. காப்பீட்டு அட்டையில் எடுத்தார்கள் என்று மட்டும் தெரியும்.

செய்தி பரவியதும் விசாரிக்க வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டிக் கதை இருந்தது, ஒவ்வொரு கதையிலும் கட்டிக்கு ஒரு காய் அளவு இருந்தது. ஒருத்திக்கு எலுமிச்சங்காய், இன்னொருத்திக்குக் கொய்யாக்காய். எங்கள் பள்ளித் தமிழ் ஆசிரியை, தனக்கு எடுத்தது மல்கோவா அளவு என்றார். சத்துணவு அமைப்பாளர் அது எப்படி மல்கோவா இருக்கும், நீலம் இருக்கும் என்று மறுத்தார். மாங்காய் விளைகிற ஊரில் பிறந்தவர்கள், அளவில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அரைமணி நேரம் நடந்த அந்த வாதத்தில் தமிழ் ஆசிரியைக்கு வலித்ததா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. நானும் கேட்கவில்லை.

வைத்தியர்களுக்கும் பஞ்சமில்லை. நாத்தனார் தன் செல்போனில் ஒருவரைக் கண்டுபிடித்தார். அவர் காவி வேட்டியில், பின்னால் அருவி கொட்ட உட்கார்ந்து, வயிற்றில் விளக்கெண்ணெய்த் துணி கட்டினால் கட்டி கரைந்து ஓடிவிடும் என்றார். எதன் வழியாக ஓடும் என்று கேட்டேன். கேள்வி கேட்டால் கரையாது என்றார் நாத்தனார்.

டாக்டரம்மா சொன்ன ஐந்து வழியையும் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. வீட்டில் உண்மையில் விவாதிக்கப்பட்டது எப்போது எடுப்பது என்பதுதான். மாங்காய்ப் பறிப்பு முடியட்டும் என்றார் கணவர். அதற்குள் ஊர்ப் பண்டிகை வந்துவிடும் என்றார் மாமியார். மகளுக்குத் தேர்வு, நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். எடுத்த பிறகு ஆறு வாரம் குனிந்து நிமிரக் கூடாது என்பதால் ஆறு வாரச் சமையல் யாருடையது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வியாக நின்றது. மருத்துவக் கேள்விகளில் அதற்குத்தான் அதிக நேரம் செலவானது.

நான் கட்டியை மட்டும் எடுத்தால் போதுமே என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். மறுபடி வந்தால் மறுபடி ஆறு வாரமா என்று மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கு எடுப்பதில் பயம் இருந்தது. எடுத்தவர்களுக்கெல்லாம் எலும்பு தேய்கிறது, இடுப்பு போகிறது, மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதி வீம்பு. எல்லாரும் எடு எடு என்றதாலேயே எடுக்க மாட்டேன் என்று மனசுக்குள் உட்கார்ந்துகொண்டேன்.

நான் பிடிகொடுக்காமல் இருந்ததைப் பார்த்து என் கணவர் ஒரு தீர்வு கண்டுபிடித்தார். ஆத்தாவைப் பூக் கேட்டுவிடலாம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் குலதெய்வக் கோயிலில் எந்தக் காரியமானாலும் பூக் கேட்பது வழக்கம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி ஆத்தா காலடியில் வைப்பார்கள். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் வேண்டாம். சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லி, பூசாரி பிரித்துக் காட்டுவார். மற்ற பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். அதைப் பிரித்துப் பார்ப்பது ஆத்தாவைச் சந்தேகப்படுவதற்குச் சமம். பெண் எடுக்கவும், போர்வெல் போடவும், டிராக்டர் வாங்கவும் இப்படித்தான் கேட்டார்கள். போர்வெல்லில் இரண்டு முறை புகைதான் வந்தது. அதற்குக் கேட்டவர் மனசு சுத்தமில்லை என்று காரணம் சொன்னார்கள்.

டாக்டரம்மா ஐந்து வழி சொன்னாரே, பூவில் இரண்டு நிறம்தானே இருக்கிறது என்று கணவரிடம் கேட்டேன். அவர் எரிச்சல்படாமல் யோசித்துத்தான் பதில் சொன்னார். “ஆத்தாகிட்டப் போயி அஞ்சு கேள்வி கேக்க முடியுமா? எடுக்கலாமா வேணாமா, அவ்வளவுதான் கேக்கோணும்.”

கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைதான் போக வேண்டும். ரத்தம் போகும்போது நான் கோயிலுக்குள் போகக் கூடாது. ஆனால் எனக்காகக் கேட்பதால் நான் இல்லாமலும் கேட்க முடியாது. ரத்தப்போக்கைப் பற்றி ஆத்தாவின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் ரத்தப்போக்கு நிற்க வேண்டும். மூன்று செவ்வாய்க்கிழமை இப்படியே போனது. நான்காவது வாரம் என் கணவர் மருந்துக் கடைக்குப் போய், தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கி வந்தார். டாக்டரம்மா எழுதிய மாத்திரை தீர்ந்து ஒரு வாரமாகியிருந்தது. அதை வாங்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. இதற்குக் கிடைத்தது. நான் விழுங்கினேன்.

கோயிலில் நாத்தனார்தான் பூக் கட்டுவதாக ஏற்பாடு. யாருக்காகக் கேட்கிறார்களோ அவர் கட்டக் கூடாது. நாத்தனார் இலையை விரித்துப் பூவை எடுத்தபோது கல்யாண மண்டப அலங்காரக்காரர் போனில் கூப்பிட்டார். மேடைக்கு எந்த நிறத்தில் துணி என்பது அவருக்கு அப்போது உயிர் போகிற விஷயம். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “ரெண்டையும் மடிச்சு வையி, வந்துடறேன்” என்று இலையை என் கையில் திணித்துவிட்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். கணவரும் மாமியாரும் பூசாரியோடு தேங்காய் உடைக்கிற இடத்தில் நின்றார்கள்.

இரண்டில் ஒன்று வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஏழாம் வகுப்புக்கு ஒவ்வொரு வருஷமும் காசைச் சுண்டிப் போட்டு அதைத்தான் நடத்துகிறேன். என் வயிற்றை அந்தப் பாதியிடம் ஒப்படைக்க எனக்கு மனசு வரவில்லை. செவ்வரளியை இரண்டாகப் பிரித்து இரண்டு பொட்டலத்திலும் வைத்துக் கட்டினேன். வெள்ளை அரளியை முந்தானையில் முடிந்துகொண்டேன். நாரில் அவசர அவசரமாக முடிச்சுப் போட்டேன். ஆத்தாவை ஏமாற்றுகிறோமே என்ற பயத்தில் இல்லை, நாத்தனார் திரும்பிவிடுவாரோ என்ற பயத்தில்தான்.

பூசாரியின் பேத்தி வந்து ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு. மற்றது கிணற்றில் விழுந்தது. நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். பக்தி என்று நினைத்து மாமியார் என் தலையில் திருநீறு போட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜெயித்தால் என்ன செய்வது என்று யோசிக்காமல் ஜெயித்திருக்கிறேன் என்பது அன்று மாலையே தெரிந்தது.

ஐந்து மாதமாக எடுத்துவிடு எடுத்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்த மாமியார், வீடு வந்து சேர்வதற்குள் முழுசாக மாறிவிட்டார். ஆத்தாவே வேண்டாம் என்று சொன்ன பிறகு கத்தி மட்டுமா, மாத்திரையும் வேண்டாம். ஸ்கேனும் வேண்டாம். அந்த டாக்டரம்மா வீட்டு வாசல்படியையே மிதிக்க வேண்டாம். எடுக்கலாமா என்றுதானே கேட்டோம், மாத்திரை சாப்பிடலாமா என்று கேட்கவில்லையே என்று சொல்லிப் பார்த்தேன். “அவ பாத்துக்குவா கண்ணு. நம்பிக்க வையி” என்றார். விளக்கேற்றுகிற வேலையைக்கூட அவர் முனகாமல் செய்தார். ஒருமுறைகூட முழங்காலைப் பற்றிப் பேசவில்லை. அந்த மரியாதை எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மாத்திரைக்குப் பதிலாகக் காலையில் வெறும் வயிற்றில் சோற்றுக்கற்றாழையும் பனைவெல்லமும், சாயங்காலம் வாழைப்பூச் சாறும் வந்தன. நான் குடித்தேன். நான் சம்பளம் வாங்குகிறவள், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே மருந்துக் கடை இருக்கிறது, நானே வாங்கிச் சாப்பிட்டிருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் பிறகு பலமுறை கேட்டுக்கொண்டேன். அப்போது புத்தி இப்படி வேலை செய்தது: மாத்திரை சாப்பிட்டால் ஆத்தா வாக்கை நம்பவில்லை என்று தெரிந்துவிடும். நம்பவில்லை என்றால் ஏன் என்று நாத்தனார் யோசிப்பார். யோசித்தால் இலையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனது அவருக்கு நினைவு வரும். திருடியவள் எல்லாரையும்விடச் சத்தமாகக் கதவைப் பூட்டுவது போல, நான் எல்லாரையும்விட அதிகமாக நம்பினேன். என் பொய்யை நானே கற்றாழை குடித்துக் காப்பாற்றினேன்.

நான்கு மாதம். பதினைந்து நாள் இருபதானது. முகத்தைப் பார்த்தவர்கள் நிறம் வந்துவிட்டதே என்றார்கள், ரத்தம் இல்லாமல் வெளுத்திருந்ததைத்தான் அப்படிச் சொன்னார்கள். எனக்குச் சாக்பீஸ் மீது ஆசை வந்தது. மண் நனைந்தால் வருகிற வாசனை போல ஒரு ருசி. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போது ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வேன். பெட்டி சீக்கிரம் காலியாவதைப் பார்த்து, பயிற்சிக் கணக்கு அதிகம் போடுகிறேன் என்று தலைமையாசிரியை மறுபடியும் என்னைப் பாராட்டினார். ரத்தம் குறைந்தால் இப்படிக் கண்டதைத் தின்னத் தோன்றும் என்பதை டாக்டரம்மா பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எட்டாம் வகுப்பில் வட்டத்தின் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தபோது விழுந்தேன். வட்டத்தை முழுசாகப் போட்டு முடித்தேனா என்று தெரியவில்லை. கண் விழித்தபோது தலைமையாசிரியை மடியில் இருந்தேன். பிள்ளைகள் சுற்றி நின்று, டீச்சர் வாயில் சாக்பீஸ் இருக்கிறது என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மறுபடி தருமபுரி, அதே டாக்டரம்மா. ரத்த அளவைப் பார்த்ததும் அவர் உடனே படுக்கையில் சேர்க்கச் சொன்னார். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோது, என் மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வீம்பு வீம்பு என்று நான் இத்தனை நாள் காப்பாற்றியது என்னை அல்ல என்று புரிந்தது. செத்துப்போய்விடுவேனோ என்று முதன்முறையாகப் பயந்தேன். மகளின் முகம் நினைவு வந்தது.

இரண்டாம் நாள் டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு என் கட்டிலருகே உட்கார்ந்தார். கணவர் தலைமாட்டில் நின்றார். மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டுத் திட்டினார். திட்டி முடித்ததும் குரலைத் தணித்துக் கேட்டார்.

“சரி. நீங்க என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?”

ஒன்பது மாதமாக என்னை ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று மனசுக்குள் குமைந்துகொண்டிருந்தவள் நான். ஊரையே அதற்காகக் கேலி செய்தவள். கேட்டுவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பி என் கணவரின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் தொண்டையைச் செருமினார். “பூக் கேட்டோம்ங்க டாக்டர்...”

“உங்கள நான் கேக்கலீங்க” என்றார் டாக்டரம்மா. அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். பூ என்றதும் சிரிக்கவும் இல்லை, என்ன என்று கேட்கவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன். தாளில் கத்தரிக்காய் வரைந்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். எடுத்தால் எலும்பு தேயுமா என்றேன். கர்ப்பப்பை வேறு, சினைப்பை வேறு, உங்கள் வயதில் சினைப்பை நன்றாக இருந்தால் அதை விட்டுவிடுவோம், நீங்கள் பயப்படுகிற பாதி விஷயம் அதை எடுத்தால் வருவது என்றார். ஊரில் எடுத்தவர்களுக்கு எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று யாருக்குத் தெரியும். கட்டியை மட்டும் எடுத்தால் என்றேன். எடுக்கலாம், மூன்று இருக்கின்றன, மறுபடி வராது என்று என்னால் சொல்ல முடியாது என்றார். குழாய் விட்டு அடைக்கிற சிகிச்சைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன் என்றார். மாதவிடாய் தானாக நிற்கும்வரை மாத்திரையோடு தள்ளினால் என்றேன். நிற்க இன்னும் ஏழெட்டு வருஷம் ஆகலாம், அதுவரை ஒழுங்காகச் சாப்பிடுவீர்களா என்றார். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நான் வைத்தியம் பார்க்கிறேன், இரண்டு நாள் யோசித்துச் சொல்லலாம் என்றும் சொன்னார்.

யோசிக்க எனக்கு இரண்டு நாள் வேண்டியிருக்கவில்லை. பிள்ளை இனி வேண்டாம். சின்னக் கட்டி எப்போது பெரிதாகும் என்று காத்திருக்க வேண்டாம். வெள்ளைச் சேலை கட்ட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து நோட்டுத் திருத்த வேண்டும். களைத்துப் போயிருந்தேன்.

“எடுத்துடுங்க மேடம்” என்றேன். “சினைப்பைய மட்டும் வுட்டுடுங்க.”

கணவர் பதறிவிட்டார். அவர் என்னைப் பார்த்துப் பேசியதில் கோபமே இல்லை, உண்மையான பயம் இருந்தது. “ஆத்தா வேணாம்னு சொல்லியிருக்கறா. மீறிப் பண்ணி உனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா?”

ஒன்பது மாதத்தில் முதன்முறையாக அவர் எனக்காகப் பயந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதுவும் நான் கட்டிய பொய்க்காகப் பயந்துகொண்டிருந்தார். இனி மறைக்க முடியவில்லை.

“ஆத்தா ஒண்ணும் சொல்லலீங்க” என்றேன். “ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பத்தான் கட்டுனேன்.”

அவர் நின்றார். சுவரைப் பார்த்தார், தொங்குகிற ரத்தப் பாட்டிலைப் பார்த்தார். டாக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவர் வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை. நடையில் நின்று தன் அம்மாவுக்குப் போன் செய்ததை நான் முழுசாகக் கேட்டேன்.

“டாக்டரு எடுத்தே ஆவோணும்னுட்டாங்கம்மா. இல்லாட்டி உசுருக்கு ஆபத்தாம். நாம என்ன பண்றது. ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம்.”

திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, போர்வையை இழுத்து விட்டார். உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன், இது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும் என்றார். அவர் குரலில் இருந்த அன்பை நான் சந்தேகப்படவில்லை, இப்போதும் சந்தேகப்படவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நானாக எடுத்த ஒரே முடிவை, எடுத்த ஐந்தாவது நிமிஷத்தில் டாக்டரம்மா பேருக்கு மாற்றி எழுதிவிட்டார். பாதுகாப்பு என்றால் எங்கள் வீட்டில் அதுதான் அர்த்தம்.

இரும்புச் சத்து ஊசி போட்டு உடம்பைத் தேற்றி, ஒரு மாதம் கழித்து எடுத்தார்கள். சினைப்பை இரண்டும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, கல்யாணம் நடந்துவிட்டது. ஆறு வாரச் சமையலைக் கணவரும் மாமியாரும் முறை வைத்துச் செய்தார்கள். அதுவும் நடந்துவிட்டது. ஒன்பது மாதம் நடக்கவே நடக்காது என்று பேசப்பட்ட காரியம், சாம்பாரில் உப்பு கொஞ்சம் கூடியதைத் தவிர வேறு சேதமில்லாமல் முடிந்தது.

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மாமியார் ஒரே கதையைச் சொன்னார். ஆத்தா வேண்டாம் என்றாள், டாக்டர் விடவில்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் பிடிவாதக்காரியாகவும், நான் இன்னும் கொஞ்சம் வாயில்லாப் பூச்சியாகவும் ஆனோம். ஒரு கட்டத்தில் நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் வேண்டாம் என்று அழுததாகவும் சேர்ந்துவிட்டது. அந்த டாக்டரம்மா, என்ன முடிவு பண்ணியிருக்கீங்க என்று என்னைக் கேட்ட ஒரே ஆள். அவருக்குக் கிடைத்த பேர் இது.

ஆபரேஷன் முடிந்து பதினெட்டாம் நாள். தையல் பிரித்தாகிவிட்டது, நான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி, முப்பத்தொன்றில் எடுத்தவள், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள். மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எனக்குப் பூண்டுக் குழம்புச் சோறு பிசைந்துகொண்டே கதையைத் தொடங்கினார். டாக்டர் விடவில்லை என்கிற இடம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி உச்சுக்கொட்டி, “என்ன பண்றது, நம்மள ஆரு கேக்கறாங்க” என்றாள். அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அடிவயிற்றில் தையல் போட்ட இடம் சுரீர் என்றது.

“என்னையக் கேட்டாங்கக்கா” என்றேன். “டாக்டரு எடுக்கச் சொல்லல. நாந்தான் எடுக்கச் சொன்னேன்.”

பக்கத்து வீட்டுக்காரி உரித்துக்கொண்டிருந்த பழத்தைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். மாமியார் ஒரு உருண்டையை எடுத்து என் வாயில் வைத்தார். இன்னொரு கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

“மயக்க மருந்து இன்னும் தெளியல.”